கூண்டு வேறு, கடல் வேறு: லூபஸும் ரத்தப் பரிசோதனைகளும்

போன மாதம் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு அம்மா எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தார். கையில் நான்காக மடித்த ரிப்போர்ட். மடிப்பெல்லாம் வியர்வையில் ஊறிப்போயிருந்தது. "தம்பி, பிள்ளைக்கு லூபஸ்னு வந்திருச்சாம். பஸ்ல பக்கத்துல இருந்தவரு படிச்சுச் சொன்னாரு. கலியாணம் பேசிக்கிட்டிருக்கோம்யா" என்றவர் அதற்கு மேல் பேச முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தாளைப் பிரித்துப் பார்த்தேன். ‘ஏஎன்ஏ பாசிட்டிவ், 1:80’ என்று ஒரே ஒரு வரி. லூபஸ் என்ற சொல் அந்தத் தாளில் எங்குமே இல்லை.

அதே வாரம் மண்டபம் பக்கத்திலிருந்து இன்னொரு பெண் வந்தார். இவருக்கு லூபஸ் இருப்பது 6 வருடமாகத் தெரியும். மாத்திரை சாப்பிட்டு நன்றாக இருந்தவர்தான். ஒரு தடவை ரிப்போர்ட்டில் ‘டிஎஸ்டிஎன்ஏ நெகட்டிவ்’ என்று வந்திருக்கிறது. நோய் போய்விட்டது என்று தானாகவே மாத்திரையை நிறுத்திவிட்டார். நான்கே மாதம். முகமும் காலும் வீங்கி வந்து நின்றார். சிறுநீரில் புரதம் மூன்று பிளஸ்.

முதல் அம்மா இல்லாத நோய்க்கு அழுதார். இரண்டாமவர் இருக்கிற நோயைப் போய்விட்டது என்று நம்பினார். ஏஎன்ஏ, டிஎஸ்டிஎன்ஏ இரண்டுமே ரத்தத்தில் தேடுகிற ஆன்டிபாடிகள். ஆன்டிபாடியையே நோய் என்று எடுத்துக்கொண்டதில்தான் இரண்டு பேருமே தடுக்கி விழுந்தார்கள். எங்கள் கடற்கரை ஊர்களில் இந்தக் குழப்பம் நிறைய இருக்கிறது. ‘ரத்தத்தில் பூச்சி’ என்கிறார்கள், ‘ரத்தப் புற்று மாதிரி’ என்கிறார்கள், தட்டை, டம்ளரைத் தனியாக வைக்கிற வீடும் உண்டு. லூபஸ் ஒட்டுவாரொட்டி இல்லை, புற்றும் இல்லை. நான் மருத்துவர் அல்ல. ராமநாதபுரத்தில் 16 வருடமாக ரத்தமும் சிறுநீரும் பார்க்கிறவன். என் மேசைக்கு வருகிற தாள்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதை மட்டும் இங்கே விளக்குகிறேன்.

வீட்டு நாய் வீட்டாரைப் பார்த்துக் குரைத்தால்

ஆன்டிபாடி என்பது ரத்தத்தில் மிதக்கும் ஒரு வகைப் புரதம். வெள்ளை அணுக்களில் ஒரு பிரிவு இதைத் தயாரிக்கிறது. ஒவ்வொரு ஆன்டிபாடியும் ஒரு குறிப்பிட்ட உருவத்தோடு மட்டுமே ஒட்டும். தட்டம்மைக் கிருமியைப் பிடிக்கிறது தட்டம்மையைத்தான் பிடிக்கும், வேறு எதையும் தொடாது. வெளியாள் வந்தால் குரைக்கிற வீட்டு நாய் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். குரைத்தால் வீட்டார் எழுந்து வருவார்கள், திருடன் மாட்டுவான்.

சில நாய்கள் வீட்டு ஆட்களைப் பார்த்தே குரைக்க ஆரம்பிக்கும். உடம்பின் காவல் அப்படிச் சொந்த உடம்பையே எதிரியாகப் பார்ப்பதற்குத்தான் ஆட்டோ இம்யூன் என்று பெயர். லூபஸ் அந்த வகை நோய். முழுப் பெயர் சிஸ்டமிக் லூபஸ் எரிதமடோசஸ், சுருக்கமாக எஸ்எல்இ. இது வருகிற 10 பேரில் 9 பேர் பெண்கள், அதிலும் பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள்.

வீட்டாரைப் பார்த்துக் குரைக்கிற நாயெல்லாம் வீட்டாரைக் கடித்துவிடுவதில்லை. வயதான நாய் சும்மாவே குரைக்கும். அந்தி நேரத்தில் நிழலைப் பார்த்துக் குரைக்கும். நல்ல ஆரோக்கியமான உடம்பிலும் இப்படிக் குரைத்துவிட்டுப் படுத்துவிடுகிற ஆன்டிபாடிகள் உண்டு. குரைப்புச் சத்தத்தைத்தான் ரத்தப் பரிசோதனை அளக்கிறது. கடித்ததா இல்லையா என்பதை உடம்பைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பூட்டிய அறையில் இருந்த சாமான்

நம் செல் ஒவ்வொன்றுக்குள்ளும் உட்கரு என்று ஒரு பூட்டிய அறை. டிஎன்ஏ அதற்குள்தான் இருக்கிறது. தினமும் கோடிக்கணக்கான செல்கள் சாகின்றன. துப்புரவு வேலை ஒழுங்காக நடந்தால் அந்த அறைச் சாமான் வெளியே தெரிவதற்கு முன்பே அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். லூபஸ் உள்ளவர்களுக்கு இந்தத் துப்புரவு தாமதமாகிறது. உட்கருச் சாமான் தெருவில் கிடக்கிறது. கிருமியின் மரபுப் பொருளும் ஏறக்குறைய இதே சாயலில்தான் இருக்கும் என்பதால் காவல் ஏமாந்துபோய், அதற்கு எதிராக ஆன்டிபாடி செய்ய ஆரம்பிக்கிறது.

வெயில் ஏன் லூபஸுக்கு ஆகாது என்பதும் இதில் அடங்கிவிடும். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் தோல் செல்களைச் சாகடிக்கிறது. செத்த செல் கூடினால் தெருவில் கிடக்கிற சாமானும் கூடும். எங்கள் பக்கம் பாசி எடுக்கப் போகிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, விரல்களில் சுற்றிய துணி, கண்ணுக்குக் கண்ணாடி. நேர் வெயில் பாதி, தண்ணீரிலும் வெள்ளை மணலிலும் பட்டுத் திரும்புகிற வெயில் பாதி. கருவாடு காயப்போடுகிறவர்களுக்கும் அதே பாடு. லூபஸ் உள்ள ஒருவருக்கு அந்த முழுக்கைச் சட்டை மருந்துக்குச் சமம். சாதாரணமாக வெயிலில் முகம் சிவப்பது எல்லாருக்கும் உண்டு, அது லூபஸ் ஆகாது. லூபஸின் தடிப்பு இரண்டு கன்னத்திலும் மூக்குத் தண்டிலும் வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்த மாதிரி படரும். மூக்கோரத்திலிருந்து வாயோரத்துக்கு இறங்குகிற மடிப்பை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடும்.

சரி, ஆன்டிபாடி உண்டாகிவிட்டது. அது தெருவில் கிடக்கிற டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு ஒரு திரளாகிறது. திரள் ரத்தத்தோடு போய்ச் சிறுநீரகத்திலோ மூட்டிலோ தோலிலோ படிகிறது. படிந்த இடத்தில் காம்ப்ளிமென்ட் என்ற புரதக் கூட்டம் கிளம்புகிறது. ஆன்டிபாடி ஒட்டின இடத்தைத் தாக்கி அழிப்பதுதான் அதன் வேலை. கிருமி மேல் நடந்தால் நமக்கு நன்மை, சிறுநீரகத்தின் மேல் நடந்தால் அங்கே வீக்கமும் எரிச்சலும். இதைத்தான் அழற்சி என்கிறோம். இப்போது இந்த நிமிடம் உடம்பில் எங்கே, எவ்வளவு அழற்சி நடக்கிறது என்பதை நோயின் வேகம் என்று இந்தக் கட்டுரையில் சொல்கிறேன்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: ஆன்டிபாடி உண்டாவது முதல் படி, உறுப்பில் அழற்சி வருவது கடைசிப் படி. நடுவே ஒட்ட வேண்டும், திரள வேண்டும், படிய வேண்டும், காம்ப்ளிமென்ட் கிளம்ப வேண்டும். எந்தப் படியிலும் இந்த வரிசை நின்றுபோகலாம். அதனால்தான் ஆன்டிபாடி இருந்தும் நோய் இல்லாதவர்கள் இருக்கிறார்கள்.

ஏஎன்ஏ: உப்புக் கரிப்பைப் பார்க்கிற கணக்கு

ஏஎன்ஏ என்றால் உட்கருச் சாமானில் எதையாவது பிடிக்கிற ஆன்டிபாடிகளின் மொத்தப் பெயர். பரிசோதனை இப்படி நடக்கும். ஒரு கண்ணாடித் தகட்டில் மனிதச் செல்கள் படிய வைக்கப்பட்டிருக்கும். அதில் உங்கள் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை ஒரு சொட்டு விட்டு, கழுவி, ஒளிரும் சாயம் சேர்த்து, மறுபடி கழுவி, இருட்டறை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பயிற்சிக்குப் போனபோது முதல் தடவை பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. இருட்டுக்குள் உட்கருக்கள் ஒவ்வொன்றும் பச்சையாக, இரவில் வலையை இழுக்கும்போது தண்ணீரில் கவர் என்கிற ஒளி பூக்குமே, அதே மாதிரி.

அடுத்தது 1:80, 1:160 என்று போடுகிற எண். இதற்கு டைட்டர் என்று பெயர். கடல் தண்ணீர் ஒரு டம்ளர் எடுங்கள். அதில் நல்ல தண்ணீர் சேர்த்துச் சேர்த்து, இன்னமும் உப்புக் கரிக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பாருங்கள். எவ்வளவு சேர்த்த பிறகும் கரிக்கிறதோ அவ்வளவு உப்பு என்று அர்த்தம். சீரத்தையும் இப்படி 40 மடங்கு, 80, 160, 320 என்று நீர்த்துப்போக வைத்து, கடைசியாக எதில் பச்சை தெரிந்தது என்று எழுதுவதுதான் டைட்டர்.

இதை நோயே இல்லாதவர்களிடம் செய்து பார்த்தால் என்ன ஆகும்? 1997ல் பல ஆய்வகங்கள் சேர்ந்து அதைத்தான் பார்த்தன. ஆரோக்கியமானவர்கள் 100 பேரில் 1:40 அளவில் ஏறக்குறைய 32 பேருக்குப் பாசிட்டிவ். 1:80ல் 13 பேருக்கு. 1:160ல் 5 பேருக்கு. 1:320ல்கூட 3 பேருக்கு. தைராய்டுக் கோளாறு, காசநோய், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி, சில மருந்துகள், வெறும் முதுமை என்று எதற்கெல்லாமோ இது பாசிட்டிவ் ஆகும். ராமநாதபுரம் பழைய பஸ் ஸ்டாண்டில் நிற்கிற 100 பேருக்கு எடுத்தாலும் சிலருக்கு வரத்தான் செய்யும்.

தங்கச்சிமடத்துப் பிள்ளைக்கு முடி கொட்டுகிறது, எப்போதும் அசதி என்றுதான் ஆரம்பம். மூட்டு வலி இல்லை, தடிப்பு இல்லை, வாய்ப்புண் இல்லை, சிறுநீர் சுத்தம். பிறகு தைராய்டு பார்த்தபோது, தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறுகிற டிஎஸ்எச் நன்றாக ஏறியிருந்தது. மருத்துவர் தைராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். கல்யாணப் பேச்சு நிற்கவில்லை.

அப்படியானால் ஏஎன்ஏ வீணா? இல்லை. லூபஸ் உள்ளவர்களில் கிட்டத்தட்ட எல்லாருக்குமே இது பாசிட்டிவாக இருக்கும். 2019ல் வந்த சர்வதேச வரையறையில், ஒருமுறையாவது 1:80 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் மற்ற அடையாளங்களைக் கணக்கிலேயே எடுப்பார்கள். ஆக, நெகட்டிவ் என்றால் லூபஸாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பாசிட்டிவ் என்றால் கதவு திறந்திருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே ஆள் இருக்கிறாரா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம். 2003ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ராணுவத்தில் சேமித்து வைத்திருந்த பழைய ரத்த மாதிரிகளை எடுத்துப் பார்த்தார்கள். பின்னாளில் லூபஸ் வந்த 130 பேரில் 88 சதவீதம் பேருக்கு, நோய் தெரிவதற்கு முன்பே ஏதாவது ஒரு ஆன்டிபாடி இருந்திருக்கிறது. சிலருக்கு 9 வருடம் முன்பே. இதைக் கேட்டதும் பாசிட்டிவ் வந்தவர்கள் பயந்துவிடுகிறார்கள். அந்த ஆய்வு, நோய் வந்தவர்களை வைத்துப் பின்னோக்கிப் பார்த்தது. பாசிட்டிவ் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு லூபஸ் வருவதே இல்லை. எனக்கு இதில் தெரிவது வேறு: ஆன்டிபாடி வந்து 9 வருடம் நோயில்லாமல் ஒருவர் நடமாட முடியும் என்றால், அந்த ஆன்டிபாடி நோயின் வேகத்தைக் காட்டுகிற முள் இல்லை.

லூபஸ் என்று உறுதியான பிறகு ஏஎன்ஏவைத் திரும்பத் திரும்ப எடுப்பதில் பயன் இல்லை. நோய் ஏறினாலும் இறங்கினாலும் அது அப்படியேதான் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏஎன்ஏவுக்குக் காசு கட்டி, 1:320 எப்போது 1:160 ஆகும் என்று காத்திருப்பவர்களைப் பார்த்தால் மனது கேட்பதில்லை. பாசி எடுத்துச் சேர்த்த காசு அது.

பாம்பன் கூண்டு

ஏஎன்ஏ பொதுப் பெயர் என்றேன். அதற்குள் குறிப்பாக இரட்டை இழை டிஎன்ஏவைப் பிடிக்கிற ஆன்டிபாடிதான் டிஎஸ்டிஎன்ஏ. ஆரோக்கியமானவர்களிடம் இது அபூர்வம். லூபஸ் உள்ளவர்களிலும் எல்லாருக்கும் வராது. ஆனால் ஏஎன்ஏவுக்கு இல்லாத ஒரு குணம் இதற்கு உண்டு: பலருக்கு நோயின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும், முக்கியமாகச் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறவர்களுக்கு.

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். 1ல் தொடங்கி 11 வரை எண். மூன்றாம் எண் ஏற்றினால் என்ன செய்கிறோம்? படகை இழுத்துக் கட்டுகிறோம், கடலுக்குப் போகாமல் வானத்தைப் பார்க்கிறோம். கூண்டு ஏற்றியாகிவிட்டது என்று யாரும் வீட்டைப் பிரித்துப் போடுவதில்லை. எத்தனையோ தடவை கூண்டு ஏறியிருக்கிறது, காற்று வேறு திசைக்குப் போயிருக்கிறது. கூண்டே இல்லாத நாளில் திடீர்ச் சூறையில் வல்லம் கவிழ்ந்ததும் உண்டு.

டிஎஸ்டிஎன்ஏ ஏறுவதும் கூண்டு ஏறுவதுதான். சிலருக்கு வருடக்கணக்கில் உயர்ந்தே இருக்கும், உடம்பில் ஒரு தொந்தரவும் இருக்காது. வேறு சிலருக்கு நோய் கொதிக்கும்போதும் அது நெகட்டிவ். இன்னும் வினோதமாக, நோய் பொங்குகிற சமயத்திலேயே எண் இறங்கலாம். ரத்தத்தில் மிதந்த ஆன்டிபாடி உறுப்பில் போய்ப் படிந்துவிட்டது என்பது அதற்கு ஒரு காரணம். மண்டபத்துப் பெண்ணுக்கு அந்த நெகட்டிவ் எதனால் வந்தது என்று நான் சொல்ல முடியாது. அவர் சாப்பிட்டுவந்த மாத்திரையே அதை அடக்கி வைத்திருக்கலாம் என்பது மட்டும் புரிகிறது. கயிறு இறுகக் கட்டியிருந்ததால் படகு ஆடவில்லை. ஆடவில்லையே என்று கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

உடம்பு அமைதியாக இருக்கும்போது எண் மட்டும் ஏறினால், அந்த எண்ணுக்காகவே மருந்தைக் கூட்டுவது பொது வழக்கம் இல்லை. மூன்று மாதத்தில் வரச் சொல்லியிருந்தால் ஒரு மாதத்தில் வரச் சொல்வார்கள், சிறுநீரைக் கூர்ந்து பார்ப்பார்கள். படகை இழுத்துக் கட்டுகிற வேலை அது.

ஐஸ் இருப்பு

ரிப்போர்ட்டில் சி3, சி4 என்று இரண்டு வரி வரும். முன்னே சொன்ன காம்ப்ளிமென்ட் கூட்டத்தில் இரண்டு பேர். மற்றதெல்லாம் கூடினால் கவலை என்றால் இது குறைந்தால் கவலை. கரையில் ஐஸ் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் நிறைந்திருந்த ஐஸ் மதியத்துக்குள் தீர்ந்துவிட்டால், வரத்து அதிகம், ஐஸ் செலவாகியிருக்கிறது என்று மீனைப் பார்க்காமலே தெரிந்துவிடும். திரள்கள் படிந்து காம்ப்ளிமென்ட் செலவாகும்போது சி3, சி4 இறங்கும். சிலருக்குப் பிறவியிலேயே சி4 கொஞ்சம் குறைவாக இருக்கும். அதனால் உங்கள் வழக்கமான அளவிலிருந்து இறங்கியதா என்பதுதான் முக்கியம். டிஎஸ்டிஎன்ஏ ஏறி, சி3யும் சேர்ந்து இறங்கினால், தனித்தனியாக வருவதைவிட அதற்குக் கனம் அதிகம்.

சுருக்கமாக: ஏஎன்ஏ ஒருமுறை பார்க்கிற கதவு. டிஎஸ்டிஎன்ஏவும் சி3, சி4ம் அவ்வப்போது பார்க்கிற கூண்டு. இனிக் கடலுக்கு, அதாவது உடம்புக்கு வருவோம்.

வலையில் அடைந்த பாசி

சிறுநீரகம் ஒரு வலை. கழிவுத் தண்ணீரை வெளியே விட்டு, புரதத்தை உள்ளேயே நிறுத்துகிற மிக நுண்ணிய கண்ணுள்ள வலை. ஆன்டிபாடித் திரள்கள் அதில் படிவது வலையில் பாசி அடைவது போலத்தான். அடைந்த வலையைக் கழுவாமல் இழுத்தால் கண் கிழியும். கிழிந்த கண் வழியே புரதம் சிறுநீரில் ஒழுகும். லூபஸ் உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் எப்போதாவது இது நடக்கிறது. ஆரம்பத்தில் வலியே இருக்காது என்பதுதான் இதன் கொடுமை.

அடையாளங்கள் இருக்கின்றன, ஆனால் நம் ஊரில் அவற்றுக்கு வேறு காரணம் தயாராக இருக்கும். காலையில் கண்ணிமை உப்பியிருந்தால் தூக்கம் சரியில்லை என்போம். கால் வீங்கினால் நாள் முழுக்கத் தண்ணீரில் நின்றது என்போம். சிறுநீர் நுரைத்தால் உடம்புச் சூடு, இளநீர் குடி என்போம். சிறுநீரில் நுரை விட்டு அது சீக்கிரம் அடங்காமல் நின்றால், லூபஸ் உள்ளவர் அன்றைக்கே பரிசோதிக்க வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனையும் ரத்த அழுத்தமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கக்கூடியவை. ஒரு சின்னக் காகிதப் பட்டை சிறுநீரில் நனைந்ததும் மஞ்சளிலிருந்து பச்சையாக மாறும், பச்சை கூடக் கூடப் புரதம் அதிகம். அதில் சந்தேகம் வந்தால் சிறுநீரில் உள்ள புரதத்துக்கும், கிரியாட்டினின் என்ற கழிவுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்போம். ஒரு நாளைக்கு அரை கிராமுக்கு மேல் புரதம் போகிறது என்றால் அது நிபுணரிடம் போக வேண்டிய அளவு.

என் மேசையில் விலை கூடிய பரிசோதனை எத்தனையோ உண்டு. லூபஸ் உள்ள ஒருவர், கையில் இருக்கிற காசுக்கு ஒன்றுதான் எடுக்க முடியும் என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் சிறுநீரைக் கொடுங்கள் என்பேன்.

மருத்துவர் போடுகிற மதிப்பெண்

நோயின் வேகத்தை அளக்க மருத்துவர்களிடம் ஒரு மதிப்பெண் தாள் இருக்கிறது. ஸ்லெடாய் என்று சொல்வார்கள். மொத்தம் 105. வலிப்பு வந்தால் 8. மூட்டு வீக்கத்துக்கு 4. சிறுநீரில் புரதத்துக்கு 4. புதுத் தடிப்புக்கு 2, வாய்ப்புண்ணுக்கு 2, முடி கொட்டுவதற்கு 2, காய்ச்சலுக்கு 1. டிஎஸ்டிஎன்ஏ உயர்ந்திருந்தால்? 2. காம்ப்ளிமென்ட் குறைந்திருந்தால்? அதற்கும் 2. ஏஎன்ஏவுக்கு அந்தத் தாளில் இடமே இல்லை. நாம் தூக்கம் கெட்டு வெறித்துப் பார்க்கிற எண்ணுக்கு, 105ல் 2 மதிப்பெண். இந்தத் தாளை முதலில் படித்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வருகிற ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அசதிக்கும் இதில் மதிப்பெண் கிடையாது. அதற்காக அசதி பொய் என்று வீட்டில் யாரும் சொல்லிவிடக் கூடாது. லூபஸ் உள்ளவரின் அசதி, படுத்து எழுந்தால் போகிற அசதி அல்ல.

காய்ச்சல் வந்தால்

இஎஸ்ஆர், சிஆர்பி என்று இரண்டு பரிசோதனை. இரண்டுமே அழற்சியைக் காட்டுபவை. லூபஸ் பொங்கும்போது இஎஸ்ஆர் ஏறும், சிஆர்பி பலருக்குப் பெரிதாக ஏறாது. சிஆர்பி மிக அதிகமாக இருந்தால் கிருமித் தொற்றா என்று மருத்துவர் தேடுவார். நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சல் வந்தால் இந்த வித்தியாசம் உயிர் காக்கும். லூபஸ் என்றால் ஸ்டீராய்டைக் கூட்ட வேண்டியிருக்கும், தொற்று என்றால் வைத்தியமே வேறு. அதனால் காய்ச்சலுக்கு நீங்களாகக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள்.

பிள்ளை பெறுவதற்கு முன் கேட்க வேண்டிய இரண்டு

நோயின் வேகத்தோடு சம்பந்தமில்லாமல், வேறு காரணத்துக்காகத் தெரிந்திருக்க வேண்டிய ஆன்டிபாடிகளும் உண்டு. ஒன்று ஆன்டி ரோ. எஸ்எஸ்ஏ என்றும் எழுதியிருப்பார்கள். இது தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகும். ஆன்டி ரோ உள்ள தாய்மார்கள் 100 பேரில் ஒருவர் அல்லது இருவரின் குழந்தைக்கு இதயத் துடிப்பின் மின்பாதை தடைபடலாம். முன்கூட்டியே தெரிந்தால் நான்காம் மாதத்திலிருந்து குழந்தையின் துடிப்பை ஸ்கேனில் கவனிப்பார்கள். மற்ற 98, 99 பேருக்கு இதயத்தில் இந்தச் சிக்கல் வருவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மாமியார் வீட்டில் பாதியை மட்டும் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடிகள். ரத்தக் குழாயில் ரத்தம் உறைவதற்கும், கரு திரும்பத் திரும்பக் கலைவதற்கும் இவை காரணமாகலாம். பாசிட்டிவ் வந்தால் 12 வாரம் கழித்து மறுபடி எடுத்து உறுதி செய்வார்கள், ஏனென்றால் சாதாரணக் காய்ச்சலுக்குப் பிறகுகூடக் கொஞ்ச நாள் வந்து போகும். இந்தக் குடும்பத்தில் ஒன்றுக்கு ‘லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்’ என்று பெயர். அந்தப் பெயரைப் பார்த்து லூபஸ் என்று முடிவு கட்டாதீர்கள். லூபஸ் இல்லாத பலருக்கும் அது இருக்கிறது.

ஆன்டி எஸ்எம் என்று ஒன்று வரும். முதலில் கண்டுபிடிக்கப்பட்ட நோயாளியின் பெயரிலிருந்து வந்த இரண்டு எழுத்து. இது இருந்தால் லூபஸ் என்பதற்கு வலுவான சாட்சி. ஒருமுறை பார்த்தால் போதும், ஏற்ற இறக்கத்தைத் தேட வேண்டியதில்லை.

தாளைப் பத்திரமாக வைப்பது

டிஎஸ்டிஎன்ஏவை அளக்க ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் உண்டு, அளவு அலகும் மாறும். ஒரு கூடத்தில் 60 என்று வந்ததையும் இன்னொரு கூடத்தில் 200 என்று வந்ததையும் பக்கத்தில் வைத்து ‘மூன்று மடங்கு ஏறிவிட்டது’ என்று அழக் கூடாது. முடிந்தவரை ஒரே இடத்தில் எடுங்கள். ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கு 170 கிலோமீட்டர் போய் நிபுணரைப் பார்க்கிறவர்கள், பழைய தாள் எதையும் வீட்டில் விட்டுப் போகாதீர்கள்.

மாத்திரை விஷயத்தில் ஒன்று. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்பது லூபஸ் உள்ள ஏறக்குறைய எல்லாருக்கும் கொடுக்கிற அடிப்படை மாத்திரை. மெதுவாக வேலை செய்யும், வருடக்கணக்கில் சாப்பிட வேண்டும், மருத்துவர் சொல்கிற இடைவெளியில் கண்ணைக் காட்டிக்கொள்ள வேண்டும். கர்ப்ப காலத்திலும் பொதுவாக இதை நிறுத்தச் சொல்வதில்லை. ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக் குடும்பங்களில் அப்போது கையில் காசு இருக்காது. மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவார்கள், ரிப்போர்ட் நன்றாக இருந்தால் அதையும் நிறுத்துவார்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. காசு இல்லை என்றால் அதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அரசு மருத்துவமனை வழியே மாத்திரை கிடைக்க வழி கேளுங்கள்.

மண்டபத்துப் பெண் இப்போது மறுபடி மருந்தில் இருக்கிறார். மூன்று பிளஸ் ஒரு பிளஸுக்கு இறங்கியிருக்கிறது. போன தடவை வந்தபோது மகனின் பழைய கணக்கு நோட்டைக் காட்டினார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு வரி. ‘விரல் மடக்க முக்கால் மணி ஆச்சு. நுரை இல்ல. கால் வீக்கம் இல்ல. பிரஷர் 130. பகல்ல கரைக்குப் போகல.’ எழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், விரல் வீங்கின வாரங்களில் இன்னும் சாயும். மதுரையில் மருத்துவர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு முதலில் அந்த நோட்டைத்தான் வாங்கிப் படித்தாராம்.